முப்பது ஓ.பி. சீட்டு கொண்டு வாருங்கள்

எங்கள் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே ஒன்றுதான் கேட்போம். மருந்து கொடுத்த பிறகு பார்மஸியில் தங்கிவிடும் ஓ.பி. சீட்டுகளில் முப்பது எடுத்துக்கொண்டு வாருங்கள், நல்ல சீட்டாகப் பார்த்துப் பொறுக்க வேண்டாம், கட்டில் கை பட்ட இடத்திலிருந்து எடுங்கள், நோயாளியின் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

நான் அரசு மருந்தாளுநர். ஜவ்வாது மலை அடிவாரத்தில் பதினாறு வருடமாக வேலை, அதில் கடந்த ஆறு வருடமாக ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள், கிராம சுகாதார செவிலியர்களுக்கு மருந்தைச் சரியாக எழுதுவது, கொடுப்பது, இருப்பு வைப்பது பற்றி நடக்கிற இரண்டு நாள் பயிற்சியில் நானும் ஒருவனாக நின்று பேசுகிறேன். ஆரம்பத்தில் நாங்களும் ஸ்லைடு போட்டுத்தான் நடத்தினோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் கண் சொருகிவிடும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அந்த ஸ்லைடில் இருந்ததெல்லாம் அவர்கள் படித்துப் பாஸான விஷயம். முப்பது சீட்டு யோசனை வந்த பிறகுதான் அறையில் சத்தம் வந்தது.

முதல் நாள் காலை எல்லோரும் தங்கள் கட்டைப் பிரித்து எண்ண ஆரம்பிப்பார்கள். ஒரு சீட்டுக்குச் சராசரியாக எத்தனை மருந்து, எத்தனை சீட்டில் ஆன்டிபயாட்டிக், எத்தனை சீட்டில் ஊசி, மருந்தின் பொதுப்பெயரை எழுதியிருக்கிறார்களா கம்பெனிப் பெயரையா, எழுதியது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதுதானா. உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வகுத்துக் கொடுத்த ஐந்து கணக்குகள் இவை. பேனாவும் ஒரு துண்டுத் தாளும் போதும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

போன பயிற்சியில் ஓர் இளம் மருத்துவர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது, எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அப்புறம் தாளைக் கவிழ்த்து வைத்தார். கேட்டபோது, "பதினேழு சார்" என்றார். முப்பதில் பதினேழில் ஆன்டிபயாட்டிக், அதிலும் பெரும்பாலும் அசித்ரோமைசின், பெரும்பாலும் சாதாரண சளிக்காய்ச்சலுக்கு. "காலையில நூத்தி நாப்பது பேர் வருவாங்க சார், பன்னிரண்டரைக்குள்ள பார்த்து முடிக்கணும், மூணு நாள்ல சரியாகலேன்னு திரும்ப வந்து நிப்பாங்களோன்னு ஒரு பயம், எழுதிடறேன்." யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த மூத்த டாக்டர் தன் தாளை அவர் பக்கம் நகர்த்திக் காட்டினார், அதில் பத்தொன்பது. அந்த இடத்திலிருந்துதான் எங்கள் பயிற்சி உண்மையில் தொடங்கியது, ஏனென்றால் அதற்குப் பிறகு பேசியதெல்லாம் அவர்கள் கையெழுத்தைப் பற்றி, அவர்கள் ஓ.பி.யைப் பற்றி.

"மருந்தின் முறையான பயன்பாடு" என்றால் என்ன என்பதற்கு 1985-இல் நைரோபியில் கூடிய மாநாடு ஒரு விளக்கம் சொன்னது. நோயாளிக்குத் தேவையான மருந்து, அவர் உடம்புக்கு ஏற்ற அளவு, தேவையான நாள் வரைக்கும், அவருக்கும் அவர் ஊருக்கும் ஆகக் குறைந்த செலவில். இதில் கடைசிப் பகுதியை எல்லோரும் வேகமாகப் படித்துத் தாண்டிவிடுகிறோம். எங்கள் பகுதியில் காசநோயும் உண்ணிக் காய்ச்சலும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் யாருக்கு வருகிறது என்று பாருங்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர், விறகு பொறுக்குகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர் படுக்கிறவர். அவருக்கு நாம் தேவையில்லாமல் எழுதும் ஒரு மருந்து நம்மிடம் இல்லை என்றால் வெளிக்கடையில் வாங்குவார், அந்தப் பணம் அன்றைய கூலியிலிருந்து போகும். மருந்து இலவசமாகவே கிடைத்தாலும் அதை வாங்க வந்த ஒரு நாள் கூலி போச்சு. இந்த நோய்களுக்கான பயிற்சியில் மருந்தியலோடு இந்தக் கணக்கும் இருந்தே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் முன்னால் ஒரு சித்தாள் அம்மா காசநோய் மருந்துக்கு வந்தார். எடை 33 கிலோ. கட்டட வேலையில் மணல் சுமந்துகொண்டிருந்தவர். மாத்திரை அட்டைகளை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன், தினமும் இரண்டு, வெறும் வயிற்றில் என்று சொன்னேன், தலையாட்டினார், பின்னால் வரிசை நீண்டிருந்தது, அடுத்தவரைக் கூப்பிட்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார், முன்னைவிட மோசமாக. நான்கு நாள் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டால் பதில் வரவில்லை. கிராம சுகாதார செவிலியர் அக்கா அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசிய பிறகுதான் தெரிந்தது, அந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும், அவர் அதை ரத்தம் என்று நினைத்துவிட்டார். யாரிடம் சொல்வது? மாத்திரையைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தார், தூக்கிப் போட மனசு வரவில்லையாம், கவர்மெண்ட் கொடுத்த மருந்து பாழாகக் கூடாதாம். "நீ சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பேனே தம்பி" என்று என்னிடம் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சிறுநீர் நிறம் மாறும், பயப்படாதீங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து நொடி. அது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, டிப்ளமோவில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். தெரிந்ததை ஜன்னலில் நின்று சொல்லும் பழக்கம் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, நானும் கற்றுக்கொள்ளவில்லை.

அதனால் இப்போது பயிற்சியின் பாதி நேரம் ஜன்னல்தான். ஒரு மேஜையைக் குறுக்கே போட்டு, ஒரு பக்கம் மருந்தாளுநர், மறுபக்கம் ஒரு செவிலியர் நோயாளியாக நிற்பார், பின்னால் நாலைந்து பேர் "சீக்கிரம் ஆகட்டும் சார்" என்று சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்தில் சொல்லிப் பழக வேண்டும். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி, அதற்கு எல்லோரும் தலையைத்தான் ஆட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். காசநோய் என்றால் இன்னும் கூடுதல். கண் பார்வை மங்கினாலோ நிறம் குழம்பினாலோ உடனே வரச் சொல்ல வேண்டும், அது மாத்திரையில் உள்ள எத்தாம்பியூட்டால் என்ற மருந்து செய்கிற வேலையாக இருக்கலாம். கை கால் மதமதப்பு வந்தால் சொல்லச் சொல்ல வேண்டும், அதே மாத்திரையில் உள்ள ஐசோநியாசிட் சாப்பிடுகிறவருக்கு பைரிடாக்சின் என்ற வைட்டமின் மாத்திரையும் போகிறதா என்று பார்க்க வேண்டும், சர்க்கரை நோயும் கூட இருப்பவருக்கு ரொம்பக் கவனமாக. கண் மஞ்சளானால் மாத்திரையோடு நேரே வந்துவிட வேண்டும்.

எடை விஷயம் தனியாக ஒரு மணி நேரம் எடுக்கும். இப்போது காசநோய்க்குத் தினசரி மாத்திரை, நான்கு மருந்தும் ஒரே மாத்திரையில், ஐசோநியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைராசினமைட் 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லிகிராம். இரண்டு மாதம் இது, பிறகு நான்கு மாதம் பைராசினமைட் இல்லாத மூன்று மருந்து. எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது, 25 முதல் 34 கிலோ வரை இரண்டு, 35 முதல் 49 வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. கேட்க எளிது. ஆனால் மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் பசி திரும்பி வரும், 33 கிலோவில் தொடங்கியவர் இரண்டு மாதத்தில் 39-க்கு வந்து நிற்பார். ஐந்து கிலோவுக்கு மேல் ஏறி அடுத்த வரம்புக்குள் போய்விட்டால் மாத்திரையின் எண்ணிக்கையையும் மாற்ற வேண்டும். சிகிச்சை அட்டையில் முதல் நாள் எழுதிய எடையையே மாதா மாதம் பார்த்து எழுதி, அதே இரண்டு மாத்திரையை ஆறு மாதம் கொடுத்துவிடுகிற தவறு எங்கும் நடக்கக்கூடியது. பயிற்சி அறையில் எடை மெஷினை வைத்து, ஒரே ஆளை மூன்று மெஷினில் நிறுத்தி எடுக்கச் சொல்வோம். மூன்றும் ஒரே எடை காட்டிய நாள் இன்னும் வரவில்லை. 34-க்கும் 35-க்கும் நடுவே ஒரு மாத்திரை வித்தியாசம் இருக்கும்போது, மருந்தை நிர்வகிப்பது எடை மெஷினின் முள்ளிலிருந்தே தொடங்குகிறது என்று அப்போது எல்லோருக்கும் புரியும்.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது. காசநோய் என்று தெரிந்ததும் எடை, உயரம், காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இதை ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே பார்த்துவிடலாம். ஆபத்தான நிலை என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். கையால் செய்து பார்க்கிற பயிற்சி என்பதால் மக்கள் மறப்பதில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வையும் இதோடு சேர்த்துச் சொல்வேன், காசநோயாளியின் வீட்டிலுள்ளவர்களுக்கு உணவுப் பொருள் கொடுத்ததில் அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும். காசநோயாளிகளுக்கான மத்திய அரசின் நி-க்ஷய் திட்டத்தில் மாதம் 500 ரூபாயாக இருந்து 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாயாக ஆன ஊட்டச்சத்துப் பணம் நோயாளியின் வங்கிக் கணக்கில் ஏறியதா என்று கேட்பதும் மருந்து கொடுப்பவரின் வேலை என்றே நான் சொல்லித்தருகிறேன்.

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தின் கதையைச் சொல்லும்போது இளம் செவிலியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம், படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. நெருக்கடியான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருக்கும் ஏழைக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா என்று அங்கே சோதித்தார்கள், 1959-இல் முடிவு வந்தது, சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஈடாக இவர்களும் குணமானார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை, சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், மருந்து உள்ளே போகிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். நம் ஊரில், நம் மக்களிடம் கண்டுபிடித்த வழி அது.

உண்ணிக் காய்ச்சலுக்கு வருகிறேன். மலையடிவாரத்தில் மழைக்குப் பிறகு, குளிர் தொடங்கும்போது வரிசையாக வருவார்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, ஐந்து நாள் ஆகியும் விடாது. தனியார் கிளினிக்கில் இரண்டு நாள் டிரிப், ஊசி என்று போட்டுக்கொண்டு, கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு வருவார்கள். செஃப்ட்ரியாக்சோன் ஊசி எத்தனை போட்டாலும் இந்தக் கிருமிக்கு ஒன்றும் ஆகாது, அது வேறு வகைக் கிருமி. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏழு நாள். ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும், தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் என்று போய் உயிரே போகும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம். ஆண் டாக்டர் ஒருவர் கூட்டமான ஓ.பி.யில் அங்கெல்லாம் பார்க்க மாட்டார், அந்த அம்மாவும் காட்ட மாட்டார். அதனால் செவிலியர்களுக்குத்தான் முதலில் சொல்லித்தருகிறோம். போன வருடம் பயிற்சிக்கு வந்துபோன ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அடுத்த வாரமே ஒரு பெண்ணின் இடுப்பில் அந்தக் கறுப்புப் பொருக்கைப் பார்த்து டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். மலிவான கேப்சூல்தான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது.

இந்த இடத்தில்தான் ஆன்டிபயாட்டிக்கை மூன்றாகப் பிரித்து உலக சுகாதார நிறுவனம் 2017-இல் கொடுத்த பட்டியலைக் காட்டுவோம். முதலில் எடுக்க வேண்டியவை, கவனத்தோடு எடுக்க வேண்டியவை, கடைசிக்கென்று ஒதுக்கியவை. அமாக்சிசிலினும் டாக்ஸிசைக்ளினும் முதல் வகை, அசித்ரோமைசின் இரண்டாவது. அந்த இளம் டாக்டர் தன் பதினேழு சீட்டையும் எடுத்து வைத்து வகை பிரித்தார், நான் சொல்லாமலே. இருமலோடு வருகிறவருக்கு லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதினால் காசநோய்க் கிருமி கொஞ்ச நாள் அடங்கிப் படுத்துக்கொள்ளும், சளிப் பரிசோதனையில் பிடிபடாமல் தப்பிவிடலாம், இரண்டு மாதம் கழித்து வீடு முழுக்கப் பரப்பிய பிறகு வருவார் என்பதையும் அப்போதே பேசிவிட்டோம்.

ஓ.ஆர்.எஸ். பற்றிப் பேச ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைப்பவர்களுக்காக ஒரு விளையாட்டு. பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். சரி, ஒரு லிட்டர் எவ்வளவு? வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்பு, டம்ளர், சொம்பு எதில் வேண்டுமானாலும் அளந்து இந்தக் குடத்தில் ஊற்றுங்கள் என்போம், பிறகு அளவு ஜாடியில் ஊற்றிப் பார்ப்போம். ஒருவர் முக்கால் லிட்டரில் நின்றார், இன்னொருவர் ஒன்றேகால். இருபது வருடம் சர்வீஸ் உள்ள செவிலியர் அக்கா ஒருவர் முக்கால்தான் ஊற்றினார், முகம் வாடிவிட்டது. தண்ணீர் குறைந்தால் உப்பு அதிகமாகி வயிற்றுப்போக்கு இன்னும் கூடும், கைக்குழந்தைக்கு ஆபத்து. தாய்மார்களுக்கு "ஒரு லிட்டர்" என்று வாயால் சொல்லாமல், அவர்கள் வீட்டு டம்ளரில் எத்தனை என்று அளந்து சொல்ல வேண்டும், 200 மில்லி டம்ளர் என்றால் ஐந்து. அதோடு துத்தநாக (ஜிங்க்) மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். மூன்றாம் நாளே பேதி நின்றுவிடும், அம்மா மாத்திரையை நிறுத்திவிடுவார். மீதி பதினோரு நாள் எதற்கு என்று ஜன்னலில் சொல்லாவிட்டால் அது அலமாரியில் கிடக்கும். அடுத்த பேதி சீக்கிரம் வராமல் இருக்க, உடம்பு தெம்பாக இருக்க, இவ்வளவு சொன்னால் போதும்.

கடைசி நாள் மதியம் மருந்தாளுநர்களோடு ஸ்டாக் ரிஜிஸ்டர். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் உருவாகி 1995 தொடக்கத்திலிருந்து வேலை செய்கிறது, மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயர் தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்கு வழியாக அனுப்புகிற ஏற்பாடு. கேரளாவும் ராஜஸ்தானும் பிறகு இப்படியே கழகம் வைத்தன. இதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கிடங்கில் இருக்கும் மருந்து எங்கள் ஜன்னலுக்கு வர வேண்டுமானால் நாங்கள் இன்டென்டை, அதாவது எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று கேட்டு அனுப்பும் பட்டியலை, ஒழுங்காகப் போட வேண்டும். பலர் செய்வது என்னவென்றால் போன வருடம் போட்டதில் பத்து சதவீதம் கூட்டிப் போடுவது. மூன்று மாதத்தில் 900 மாத்திரை போயிருந்தால் மாதம் 300 என்று எழுதுவார்கள். ஆனால் ரிஜிஸ்டரைப் பார்த்தால் அந்தத் தொண்ணூறு நாளில் முப்பது நாள் இருப்பே இல்லை. அறுபது நாளில் 900, அப்படியானால் நாளுக்கு 15, மாதம் 450. கேட்டு வந்து இல்லை என்று திரும்பிப் போனவர்கள் கணக்கில் வராததால் அடுத்த முறையும் குறைவாகவே வரும், மறுபடியும் அவர்கள் திரும்பிப் போவார்கள். அந்தக் கணக்கைப் போர்டில் போட்டபோது பின் வரிசையில் ஒருவர் எழுந்து தன் நிலையத்து ரிஜிஸ்டரின் போட்டோவைப் போனில் திறந்து, அங்கேயே நின்றபடி கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவர்தான் போன செவ்வாய்க்கிழமை போன் செய்தார். டாக்ஸிசைக்ளினுக்கு இருப்பு இல்லாத நாளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டாராம். "ரெண்டு மடங்குக்குப் பக்கத்துல வருது சார், இவ்வளவு கேட்டா மேல திட்டுவாங்களே?" ரிஜிஸ்டரில் பூஜ்யம் உள்ள தேதிகளைத் தனித் தாளில் எழுதி, கணக்கையும் கீழே போட்டு, இன்டென்டோடு பின் பண்ணி அனுப்பச் சொன்னேன். மழை தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, அதற்குள் வந்துவிட வேண்டும்.